கொல்லிமலை நீரும் பரங்கிப்பேட்டைக் கழிமுகமும்

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ரிஷிமூலத்தை அதன் போக்கில் விட்டுவிடலாம். நதிமூலத்தை விசாரியாதிருப்பது மட்டும் இனி நமக்குக் கட்டாது. ஆற்றின் வாயில் மீன் செத்து மிதக்குமானால், அதன் காரணம் வாயிலேயே இருக்கவேண்டுமென்பதில்லை. அடியிலோ, நடுவிலோ, தலையிலோ இருக்கலாம். எங்கே என்று அறிவதற்கு ஒரே வழி, தலையிலிருந்து வாய்வரை நீரைச் சோதித்து, சோதித்ததை எழுதி வைப்பதுதான். இவ்விஷயத்தில் கொல்லிமலையின் நில உடைமையாளருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் ஒரு பங்கு உண்டென்று எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொல்லிமலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மலையின் தென்புறத்தே அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகில் ஆகாய கங்கையாக விழும் ஐயாறு, புளியஞ்சோலையில் இறங்கிக் காவிரியை நாடிச் செல்வது யாவரும் அறிந்ததே. கிழக்குச் சரிவில் பிறக்கும் சுவேத நதியை அவ்வளவு பேர் நினைப்பதில்லை. அது கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே தம்மம்பட்டி, வீரகனூர் வழியாக ஓடி, ஆத்தூர் வழியே வரும் வசிஷ்ட நதியுடன் கூடி வெள்ளாறு என்று பெயர் பெறுகின்றது. வெள்ளாறு கடலூர் ஜில்லாவைக் குறுக்கே கடந்து, பரங்கிப்பேட்டையில் வங்காள விரிகுடாவில் கலக்கின்றது. ஆக, சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும் குடியானவர் காண்கிற மேகமே, பரங்கிப்பேட்டையில் வலை வீசுபவருக்கும் நீர் தருகின்றது.

அந்தக் கழிமுகம் சாதாரணமானதன்று. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அதன் கரையிலேயே அமைந்துள்ளது. பல பத்தாண்டுகளாக அங்கே நீரின் வெப்பம், உவர்ப்பு, கரைந்த பிராணவாயு, உரச்சத்துக்கள், நுண்ணுயிர்கள் ஆகியவற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் அளந்து வந்திருக்கின்றனர். இந்தியாவில் மிகுதியாக ஆராயப்பட்ட கழிமுகங்களுள் வெள்ளாற்றுக் கழிமுகம் ஒன்று. அதற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், பிச்சாவரத்து அலையாத்திக் காடு விரிந்து கிடக்கின்றது. இறாலும் நண்டும் மட்டியும் மடவை மீனும் வளரும் நாற்றங்கால் என்று இவ்விடத்தைச் சொல்லலாம். நம் நாற்றங்காலில் நீர் கெட்டால் நடவு என்னவாகுமோ, இந்நாற்றங்கால் கெட்டால் கடல் மீன்பிடிப்பும் அதுவேயாகும்.

நிற்க. கரைந்த பிராணவாயு என்பது யாது? மீனும் நம்மைப்போலவே சுவாசிக்கின்றது. காற்றிலிருந்து நீரில் கரையும் பிராணவாயுவும், நீர்ப் பாசிகள் வெயிலில் வெளிவிடும் பிராணவாயுவுமே அதற்கு மூச்சு. இவ்வாயு நீரில் மிகக் கொஞ்சமே கரையும். 20 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். அதே வெப்பத்தில் கடல்நீர் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் கொள்ளும். வெப்பமும் உப்பும் ஏற ஏற, கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். மீன் வாழ்வதற்கும் பெருகுவதற்கும் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ளது. மக்கள் நீராடும் துறைக்கு 5 வேண்டும். இரண்டுக்குக் கீழே இறங்கினால், ஓடக்கூடிய மீன் ஓடிவிடும். ஓடமுடியாத மட்டியும் புழுவும் மடியும்.

இச்சிறு கையிருப்பைக் கரைப்பது எது? அழுகும் பொருளே. நீரில் விழுந்த மாவுச்சத்தையும் சாணத்தையும் சாக்கடையையும் நுண்ணுயிர்கள் தின்னும்போது, அவை பிராணவாயுவையும் உடன் உண்கின்றன. இதற்கு ஒரு கணக்குச் சொல்வோம். ஒரு கிலோ மாவுச்சத்து முற்றும் அழுகுவதற்குச் சுமார் 1.2 கிலோ பிராணவாயு வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீரிலுள்ள பிராணவாயு அனைத்தும் அதற்கே சரியாகிவிடும். ஓர் ஏக்கர் பரப்புள்ள குளத்தில் ஒன்றரை அங்குல ஆழத்து நீர் என்று வைத்துக்கொள்ளலாம். இது ஒரே ஒரு கிலோவின் செலவு. ஓடும் ஆறு காற்றிலிருந்து மீண்டும் வாயுவை வாங்கிக்கொள்ளும் என்பது மெய்யே; ஆனால் கோடையில் குட்டை குட்டையாய்த் தேங்கிய ஆறு எவ்வளவு வாங்கும்?

மாவுச்சத்து என்றதும் மரவள்ளியின் நினைவு வரும். கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கின்றது. கிழங்கு லாரியேறி நாமக்கல், சேலம் ஜில்லாக்களின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகின்றது. இந்த ஆலைத் தொழில் சேலத்தில் 1940-களில் குடிசைத் தொழிலாய்த் தொடங்கி, இன்று பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது. கையில் ரொக்கம் தரும் பயிர் அது ஒன்றே என்று மலைவாசி சொன்னால், அதைப் பொய்யென்று சொல்லும் துணிவு நமக்கில்லை. ஆனால் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவு படியவைத்துப் பிரித்த பின் எஞ்சும் கழிவு நீரில், சுத்தி செய்யாவிடில், லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் பிராணவாயுவை உண்ணக்கூடிய பொருள் கலந்திருக்கும். சட்டம் ஆற்றில் விடுவதற்கு அனுமதிப்பதோ 30 மில்லிகிராம்.

விளைவு என்ன? 2018-ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவையெனப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் அவை 6. அவற்றுள் ஒன்று வசிஷ்ட நதியில் மணிவிழுந்தான் முதல் தியாகனூர் வரையுள்ள பகுதி. அது முதல் வகுப்பில், அதாவது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயு உண்ணும் மிகக் கெட்ட நீர் என்ற வகுப்பில், வைக்கப்பட்டது. சுவேத நதி அப்பட்டியலில் இல்லை; அதில் நாம் மகிழலாம். ஆனால் இரு நதிகளும் கூடிய பின் வெள்ளாறு ஒன்றே. அதன் கழிமுகமும் ஒன்றே.

இவ்விடத்தில் நியாயத்தை மறக்கலாகாது. கழிமுகத்துக்கு நேரும் கேடு அனைத்தும் மேலிருந்தே வருகின்றதென்று நாம் சொல்லவில்லை. வழியில் அணைக்கட்டுகள் நீரைத் தேக்குகின்றன; தொழுதூரில் மறிக்கப்பட்ட நீர் வெலிங்டன் ஏரிக்குப் போகின்றது; கோடையில் மேல் நீர் கடலை எட்டுவதே அரிது. கரையோரத்தில் இறால் பண்ணைகளும் ஊர்ச் சாக்கடைகளும் படகுத் துறைகளும் உள்ளன. கீழே உள்ளவர் மேலே உள்ளவரைக் குறை கூறுவதும், மேலே உள்ளவர் கீழே கைகாட்டுவதும் இதனாலேயே எளிதாகின்றன. வரப்புத் தகராறு சங்கிலி போட்டு அளந்தால் தீரும். அளக்காதவரை பாட்டன் காலத்துப் பகையாய் நீளும். ஆற்றின் வழக்கும் அதுவே. ஆதலால் அளவு என்பது மலைவாசியின் மேல் பழி சுமத்தும் கருவியன்று. அவன்மேல் பழியில்லையென்றால் அதை நிரூபிக்கும் பத்திரமும் அதுவே.

இதற்குப் பிறநாட்டு உதாரணம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் செசபீக் என்னும் பெரிய கழிமுக விரிகுடாவில் கோடைதோறும் அடிநீர் பிராணவாயுவற்றுப் போவதைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்தனர். மேல்நாட்டு வயல்களிலிருந்தும் தொழுவங்களிலிருந்தும் அடித்து வரும் உரச்சத்தினால் பாசி மிகுந்து, அது செத்து அழுகுவது பெருங்காரணம் எனத் தெரிந்தது. 1983-ல் செய்யப்பட்ட உடன்படிக்கையில் பென்சில்வேனியா மாநிலமும் கையெழுத்திட்டது. அம்மாநிலத்துக்கு அவ்விரிகுடாவில் ஒரு முழம் கரைகூடக் கிடையாது. அதன் நிலத்தில் ஓடும் ஆறுதான் அங்கே போய்ச் சேருகின்றது. கரையில்லாதவர்க்கும் கடமையுண்டென்று அவர்கள் ஒப்பினர். நமது நிலையும் அதுவேயன்றோ?

லண்டன் நகரத்துத் தேம்ஸ் நதியின் கதையும் கருதத்தக்கது. 1957-ல் அதன் கீழ்ப்பகுதி உயிரற்றதென்று கூறப்பட்டது. சாக்கடைச் சுத்தி நிலையங்களைத் திருத்தி, பிராணவாயுவை இடைவிடாது அளந்து வந்ததன் பயனாக, 1974-ல் சால்மன் மீன் மீண்டும் காணப்பட்டது. கெட்ட ஆறு கெட்டதேயென்று கைவிடவேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

இனி, அளப்பது எங்ஙனம் என்று பார்ப்போம். 1888-ல் ஹங்கேரி நாட்டு ரசாயன அறிஞர் விங்க்ளர் என்பவர் கண்ட முறை இன்றும் நம்பத்தக்கதாய் நிற்கின்றது. காற்றுக் குமிழி புகாமல் மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும், காரத்துடன் கூடிய அயோடைடும் சேர்க்கவேண்டும். பிராணவாயு இருந்தால் பழுப்பு நிற மண்டி படியும். அறவே இல்லையானால் மண்டி வெண்மையாகவே நிற்கும். பிறகு கந்தகத் திராவகம் விட்டால் மண்டி கரைந்து அயோடின் வெளிப்படும். தயோசல்பேட்டுக் கரைசலைத் துளித்துளியாய் விட்டு அதை அளக்கவேண்டும். முடிவைக் காட்டுவதற்கு இறுதியில் சிறிது மாவுக் கரைசல் சேர்ப்பார்கள். நீலநிறம் தோன்றி, பின் மறையும் துளியே கணக்கின் முடிவு. ஆற்றின் மூச்சை அடைப்பதும் மாவுதான், அதை அளந்து காட்டுவதும் மாவுதான்.

மேனிலைப் பள்ளியின் ரசாயனச் சாலையில் ஆசிரியரின் மேற்பார்வையில் இது செய்யக்கூடியதே. திராவகங்களைச் சிறுவர் கையில் தனியே விடலாகாது. கையில் கொண்டுபோகும் மின் அளவுகோலும் கிடைக்கின்றது. ஆனால் அதை அவ்வப்போது சரிபார்க்காவிடில், படி குறைந்த வியாபாரியின் அளவாகிவிடும்.

அளப்பவர் சில விதிகளை மறவாதிருத்தல் வேண்டும். முதலாவது, நேரம். பகலில் பாசி வாயுவை வெளிவிடும். இரவில் அதுவே உண்ணும். ஆகையால் நண்பகலில் 8 காட்டும் குளம், விடியுமுன் 2 காட்டக்கூடும். பச்சைப் பசேலென்ற நீரில் பகலளவை நம்பி ஏமாறலாகாது. சூரியோதயத்துக்குமுன் ஓர் அளவு அவசியம். இரண்டாவது, ஆழம். கழிமுகத்தில் மழைக்காலத்து நன்னீர் லேசாகையால் மேலேயும், உப்புநீர் கனமாகையால் கீழேயும் ஓடும்; மேல்நீரில் வாயு நிறைந்திருக்க அடிநீர் மூச்சுத் திணறலாம். மூன்றாவது, வெப்பமும் உவர்ப்பும் குறிக்காத வாயு அளவு, எடைக்கல்லின் பெயர் சொல்லாத நிறுவை போன்றது. நான்காவது, பருவம். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறு புது நீர் கொண்டுவரும்போது கழிமுகத்தில் வாயு ஏறுவதும், கோடையில் இறங்குவதும் இயல்பு. ஒருநாள் அளவைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது, ஒரு கதிரைப் பார்த்து மகசூல் சொல்வதை ஒக்கும்.

மலையின் மேலே அளக்கவேண்டியது வேறு. ஆகாய கங்கை விழும் மடுவில் பிராணவாயுவை அளந்து, நிறைவாயிருக்கின்றதென்று மார்தட்டுவதில் பயனில்லை. பாறையில் மோதிச் சிதறும் நீர் எப்போதும் காற்றை வாங்கி நிறைந்தே இருக்கும். இன்னொன்று: 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவாகையால், அங்கே நிறைந்த நீரும் சமவெளியிலுள்ளதைவிடச் சற்றுக் குறைந்த அளவே காட்டும், அதைக் கேடென்று எண்ணவேண்டாம். மலையில் பார்க்கவேண்டியவை, முதல் மழையில் நீர் எவ்வளவு கலங்குகின்றது, எவ்வளவு நேரத்தில் தெளிகின்றது, ஊற்றுகளில் உரச்சத்தும் மலக்கிருமியும் ஏறுகின்றனவா என்பவையே. தேங்கிய மடுக்களிலும் அடிவாரத்து ஏரிகளிலும் பிராணவாயுவைப் பார்க்கலாம். அடிவாரத்தில், ஆலைகளுக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் பார்ப்பது மிகமிக அவசியம். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசமே உண்மையைச் சொல்லும்.

இப்போது மூன்று ஆட்சேபங்களுக்கு விடை கூறுவோம். "ஆலை செய்த தவறுக்கு விவசாயி என்ன செய்வான்?" என்பது முதலாவது. உண்மை, கழிவைச் சுத்தி செய்யவேண்டியது ஆலையின் கடமை. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென்றே உள்ளது. கழிவை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுத்துத் தம் அடுப்புக்கே பயன்படுத்தும் ஆலைகள் சேலம் வட்டாரத்தில் உண்டு. அது செலவோடு வரவும் தரும் வழி. ஆனால் நீரைக் கெடுத்த ஆலைக்கு ஒருநாள் பூட்டு விழுமானால், அன்று கிழங்கு யார் வாங்குவார்? தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே ஆலை ஒழுங்காய் நடப்பதில் கிழங்கு விற்பவருக்கும் அக்கறை உண்டு. சுத்தி செய்யும் ஆலைக்கே எங்கள் கிழங்கு என்று மலைக் கிராமங்கள் ஒன்றுகூடிச் சொல்லும் நாள் வரவேண்டும். விலையில் சிறிது விட்டுக்கொடுக்க நேரினும், அது வித்துக்கு வைத்த நெல்லைப் போன்றது.

"மரவள்ளியைக் கைவிடச் சொல்கிறீரா?" என்பது இரண்டாவது. இல்லை. சரிவுக்கு நேராகப் பாத்தி பிடித்து மேலிருந்து கீழே மண்ணை அவிழ்த்துவிடும் பழக்கத்தையே கைவிடச் சொல்கிறோம். மரவள்ளி இலை மூடுவதற்குச் சில மாதங்கள் ஆகும். கிழங்கு பறிக்கும்போது மண் கிளறப்படும். இவ்விரு சமயமும் மழை பிடித்துக்கொண்டால், மேல்மண் ஆற்றோடு போகும். சம உயர வரப்பும், புல் வரிசையும், இடையே தட்டைப்பயறோ உளுந்தோ விதைப்பதும் அதற்குப் பரிகாரம். செங்குத்தான சரிவைச் சாமைக்கும், மிளகும் காப்பியும் பலாவும் நிற்கும் மரத்தோப்புக்கும் விட்டு, மெதுவான சரிவில் கிழங்கு வைப்பது உத்தமம். மழை இறங்கப்போகும் நாளில் யூரியா இடுவது காசை ஓடையில் எறிவதாகும். ஓடையின் இருகரையிலும் சில கெஜம் உழாமல் மரஞ்செடிக்கு விடுதல் வேண்டும். இவையெல்லாம் முதலில் மலைவாசியின் மண்ணைக் காப்பன. கழிமுகத்துக்கு அதன் பலன் பின்னரே போய்ச் சேரும்.

"இதற்கு யார் செலவு செய்வது, யார் எழுதுவது?" என்பது மூன்றாவது. கர்ணமும் முன்சீபும் 1980-க்குப் பின் இல்லையாயினும், கணக்கு எழுதும் கடமை கிராமத்தை விட்டுப் போய்விடவில்லை. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பயிரை எழுதுகிறார். மழைமானியில் மழை அளக்கப்படுகின்றது. ஆற்றின் நீரை மட்டும் எழுதுவாரில்லை. ஊராட்சிதோறும் ஒரு நீர்க் குறிப்பேடு வேண்டும். அதில் மாதம் ஒரு முறை இடம், தேதி, மணி, நீரின் வெப்பம், கலங்கல், வாயு அளவு ஆகியவற்றைக் குறிக்கலாம். துர்நாற்றம், நுரை, மீன் சாவு கண்டால் அன்றே குறித்து, மாதிரி நீருடன் ஜில்லா மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். மீன் செத்த மூன்றாம் நாள் எடுத்த நீர் எதையும் சொல்லாது. பள்ளிகளுக்குச் சோதனைப் பொருள்களைக் கொடுப்பதும், ஆண்டுக்கு இருமுறை அளவுகளைச் சரிபார்ப்பதும் சர்க்காரின் பொறுப்பாதல் வேண்டும். பெரிய திட்டங்களுக்கு ஆகும் செலவில் இது உப்புக்கு ஆகும் காசே.

குறிப்பேடு பீரோவில் உறங்குவதற்கன்று. தமிழ்நாட்டில் மார்ச் 22-ஆம் நாளாகிய உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகின்றது. அன்று கொல்லிமலை நாடுகளிலும், தம்மம்பட்டி முதல் வெள்ளாற்றுக் கரை ஊர்கள் வரையிலும், அவரவர் அளவுகளைச் சபையில் வாசிக்கவேண்டும்; பரங்கிப்பேட்டையில் பல்கலைக் கழகத்தார் எடுத்த அளவையும் தமிழில் வாங்கி வாசிக்கவேண்டும். விஞ்ஞானிகளின் கணக்கு ஆங்கிலச் சஞ்சிகைகளில் மட்டும் கிடந்தால், அது ஆற்றங்கரையில் இருப்பவனுக்கு எட்டாத கனியே. மேலூரின் கணக்கும் கீழூரின் கணக்கும் அருகருகே வந்தபின் எங்கே நீர் கெடுகின்றதென்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிராது.

ஓர் அளவினால் ஆறு சுத்தமாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நாடி பார்ப்பது மருந்தாகாது; ஆயினும் நாடி பாராமல் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் வீண். இன்று நாம் ஆற்றின் நாடியைக் கால்மாட்டில் மட்டும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தலைமாட்டில் இருப்பவர்கள் கொல்லிமலைவாசிகள். அவர்களும் கை கொடுத்தால்தான் நோயின் இடம் தெரியும். வரும் பருவமழைக்குமுன் ஓர் ஊராட்சியேனும் ஒரு குறிப்பேட்டைத் திறந்து முதல் வரியை எழுதுமானால், மற்ற ஊர்கள் பின்தொடரும் என்பது எமது துணிபு.